பஸ்ஸில் போட்ட ஆறு டிக்

முப்பத்தாறு வயதில்தான் எனக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதாக டாக்டர் சொன்னார். கவனம் ஒரு வேலையில் நிற்காதாம். அதுவரை வீட்டில் அதற்குப் பொறுப்பில்லாதவன் என்று பெயர்.

டாக்டரிடம் போனதே மகளால்தான். முதல் ஷிப்ட் முடிந்து வந்த நான் ஒருநாள் பழுதான மிக்ஸியைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஸ்கூல் வேன் இறக்கிவிட்ட வடக்குப்பட்டு ஸ்டாப்பில், கன்டெய்னர் லாரிகள் போகிற ரோட்டோரம், ஏழு வயதுக் குழந்தை ஒரு மணி நேரம் தனியாக நின்றாள். அன்றிலிருந்து மனைவி தன் கம்பெனியில் தினமும் பெர்மிஷன் கேட்டு, தானே போய் அழைத்துவந்தாள். இந்த மாதத்துக்கு மேல் பெர்மிஷன் கிடையாது என்று அவள் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

அன்றாட வேலைகளைப் பழக்கிக்கொடுக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் மேடம் எனக்கு ஒரு தாள் தந்தார். அலாரம் அடித்ததும் கையில் இருப்பதைக் கீழே வைத்துச் செருப்பை மாட்ட வேண்டும். ஸ்டாப்பில் மனைவியோடு நானும் போய் நிற்க வேண்டும். நின்றால் ஒரு டிக். பத்துப் பள்ளி நாட்கள்.

நான்கு நாள் போனேன். அப்புறம் அலாரத்தை அணைத்ததுதான் ஞாபகம்.

எங்கள் கம்பெனி லைனில், மணிக்கொரு முறை மெஷினைப் பார்த்து டிக் போட வேண்டிய செக் ஷீட்டை ஷிப்ட் முடிவில் மொத்தமாகப் போடுவோம். ஒரே மையில் இருந்தால் ஆடிட்டில் மாட்டிக்கொள்வோம் என்று இரண்டு பேனா வைத்திருப்போம். சனிக்கிழமை ஒரகடத்திலிருந்து திரும்பும் கம்பெனி பஸ்ஸில், அதே கைத்திறமையோடு மிச்சம் ஆறு டிக்கையும் போட்டேன். அதிலெல்லாம் நான் கெட்டிக்காரன்.

அன்று சாயந்திரம் இருவரும் போனபோது, மேடம் தாளைப் பார்த்துவிட்டு மனைவியிடம் கேட்டார். "சார் தினமும் ஸ்டாப்புக்கு வந்தாரா?"

தினமும் அங்கே நின்றவள் அவள்தான். "வந்தாரு மேடம்" என்றாள்.

நான் கூனிக் குறுகிப்போனேன்.

"அப்ப திங்கட்கிழமையிலிருந்து நீங்க போக வேணாம். அவரே கூட்டிட்டு வரட்டும்."

மனைவி கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். என் மானத்தைக் காப்பாற்றப்போய், குழந்தையை மறுபடி அந்த ரோட்டில் விடும்படி ஆகிவிட்டது அவளுக்கு.

"ஆறு டிக் பஸ்ஸுல போட்டது மேடம்" என்றேன்.

மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. புதுத் தாள் எடுத்துக் கொடுத்து, இந்த முறை டிக்கை மகள் போடட்டும் என்றார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் தாளைக் கொடுத்து விவரம் சொன்னேன். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"நீ வராத அன்னிக்கு இன்னா போடணும்ப்பா?"