சீல் இல்லாத விசா

என் அம்மாவுக்கு விசா வந்த நேரத்தில் நான் ஹட்டன் பஸ் நிலையத்தில் கடலை வாங்கிக்கொண்டிருந்தேன். போன் டிங் என்றது. திறந்து பார்த்தால் இங்கிலீஷில் நாலைந்து வரி. அனுமதி கொடுத்தாயிற்று, பயணம் செய்யலாம். எங்கள் இரண்டு பேருக்கும் விண்ணப்பித்து மூன்று நாள் ஆகியிருந்தது, அவ்வளவுதான். கடலைக்காரர் மீதிக் காசை நீட்டிக்கொண்டே, "என்னா டீச்சர், லொத்தர் விழுந்துருச்சா?" என்று கேட்டார். அந்த அளவுக்கு வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்கிறேன்.

அம்மா வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்தவள். அவளுக்கு ஒரே தங்கச்சி. இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு நம் சனங்களை இந்தியாவுக்குப் பாதி, இலங்கைக்குப் பாதி என்று பிரித்த காலத்தில், சின்னம்மா கல்யாணமாகாத பெண்ணாகத் தாய் தகப்பனோடு கப்பலேறிவிட்டாள். அம்மா, இலங்கைப் பக்கம் விழுந்த அப்பாவைக் கட்டியிருந்ததால் இங்கேயே தங்கிவிட்டாள். சின்னம்மாவுக்குக் கோத்தகிரியில் வாழ்க்கை. அங்கேயும் தேயிலைதான். நாற்பது வருஷத்துக்கு மேலாக அக்காவும் தங்கச்சியும் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. இப்போது சின்னம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டது. அவளுடைய மகன் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தான். "அக்கா, பெரியம்மாவக் கூட்டிட்டு வர்றதுன்னா இப்பவே வந்துருங்க. டாக்டர் கைய விரிச்சுட்டாரு."

முன்பொரு தடவை காகித விசாவுக்காக அம்மாவும் நானும் கண்டியில் இருக்கும் இந்தியத் தூதரகத்துக்கு அலைந்திருக்கிறோம். விடியுமுன் பஸ் ஏறிப் போய் வரிசையில் நிற்போம். ஒரு நாள் போட்டோ அளவு சரியில்லை. இன்னொரு நாள் ஒரு கடிதம் குறைந்தது. மூன்றாம் நாள், அம்மா பாதையோரம் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே, "போதும்டி. நா போன்லயே அவ மொகத்தப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். அதோடு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இந்தத் தடவை தோட்டத்து லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவைவிட்டு நாங்கள் அசையவே இல்லை. சுவரில் வெள்ளை பெட்சீட்டை ஆணியடித்துத் தொங்கவிட்டு, அதற்கு முன்னால் அம்மாவை நிறுத்தி, என் போனிலேயே படம் எடுத்தேன். படத்தை ஏற்றி, பாஸ்போர்ட்டை ஏற்றி, கார்டில் பணம் கட்டி முடிக்கும்போது அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. எனக்கே நம்ப முடியவில்லை. பிறகு அம்மா எப்படி நம்புவாள்?

விசா வந்துவிட்டது என்று சொன்னதும், "தாளு எங்க?" என்றாள்.

"தாள் கெடையாதும்மா. அவங்க கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாங்க."

"சீலு?"

"இல்ல."

"பெரியவங்க யாரும் கையெழுத்துக்கூடப் போடலியா?"

கையில் வைத்திருக்கச் சொல்லியிருந்த பிரதியை டவுனில் அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தாள். "இது பஸ் ஸ்டாண்டு கடையில அடிச்சதுதானே? இதக் காட்டுனா உள்ள விட்டுருவாங்களா? போடி இவளே!" என்று திருப்பி நீட்டினாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு கேள்வி கேள்வியாக நிரப்பியது நான். ஆனால் அவளையும் குற்றம் சொல்ல முடியாது. ஒரு சீல் இல்லாததற்காக எத்தனையோ வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட சனம் நாங்கள்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் எல்லாம் ஒழுங்காக முடிந்தது. விமானத்தில் ஜன்னல் சீட்டை நான் பிடுங்கிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை. கீழே கடல். கரையோரம் பச்சையாக, தள்ளிப் போகப் போக நீலமாக. இதைக் கடக்கத்தானே சின்னம்மா ரயிலேறி, முகாமில் காத்திருந்து, கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டு போனாள்! நான் இன்னும் சரியாகப் பார்த்துக்கூட முடிக்கவில்லை, அதற்குள் பெல்ட் போடச் சொல்லிவிட்டார்கள். அம்மாடியோவ் என்று வாய்விட்டே சொன்னேன். நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்ததால், பக்கத்தில் அம்மா என்ன செய்கிறாள் என்று கவனிக்கவில்லை.

அவள் தோட்டத்து மாரியம்மன் கோயில் மஞ்சள்பொட்டலத்தைப் பிரித்து, குடிக்கக் கொடுத்த தண்ணீரில் குழைத்து, பாஸ்போர்ட்டில் தன் படம் இருக்கும் பக்கத்து நான்கு மூலையிலும் அப்பியிருந்தாள். எங்களில் நல்ல சேதி சொல்லும் தாளுக்கு மூலையில் மஞ்சள் வைப்போம். மஞ்சள் இல்லாமல் வந்தால் அது சாவுச் சேதி. சீல்தான் இல்லை, மஞ்சளாவது இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறாள்.

திருச்சியில் கவுன்டருக்குப் போன பிறகுதான் எனக்கு இது தெரியும். அதிகாரி பாஸ்போர்ட்டை மெஷினில் வைத்தார். படிக்கவில்லை. திருப்பி வைத்தார். ஊஹும். குனிந்து பார்த்தவர் விரலைத் தூக்கிக் காட்டினார். மஞ்சள்.

"என்னங்கம்மா இது? பாஸ்போர்ட்டுக்கு யாராச்சும் மஞ்சள் பூசுவாங்களா?"

"அய்யோ, ஏம்மா இப்பிடிப் பண்ணுன!" என்று நான் முந்தானையை நீட்டித் துடைக்கப் போனேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

"அழிக்காதீங்க சாமி. சாகக் கெடக்குற தங்கச்சியப் பாக்கப் போறேன். மஞ்சள அழிச்சுட்டுப் போனா அவ இருக்க மாட்டா." கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

அதிகாரி ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். பிறகு மஞ்சளுக்கு வெளியே தெரிந்த பாஸ்போர்ட் நம்பரைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டினார். கடைசி இலக்கத்தைத் தட்டியதும் திரையை எங்கள் பக்கம் லேசாகத் திருப்பி, "இவங்கதானே?" என்றார்.

அம்மா! எங்கள் காம்பராச் சுவரில் ஆணியடித்த பெட்சீட்டுக்கு முன்னால், சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருக்கிற என் அம்மா. பெட்சீட்டின் மடிப்புகூடத் தெரிந்தது. நாங்கள் வருவதற்கு முன்பே அவள் இங்கே வந்து எங்களுக்காகக் காத்திருந்திருக்கிறாள். கணக்குப் படிப்பிக்கிறவள் நான், கம்ப்யூட்டர் எனக்குப் புதிதில்லை. ஆனாலும் சொல்கிறேன், அந்த இடத்தில் சாமி கும்பிடத் தோன்றியது.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "என்னய இவங்களுக்குத் தெரியுதுடி" என்றாள் மெதுவாக.

விரல்களை வைக்கச் சொல்லிப் பதிந்துகொண்டு, அதிகாரி வெறும் பக்கம் ஒன்றில் முத்திரை குத்திக் கொடுத்தார். "பத்திரமாப் போய்ப் பாருங்கம்மா."

மூன்று பஸ் மாறிக் கோத்தகிரி மலை ஏறினோம். சின்னம்மா மகன் தெருமுனைக்கே ஓடிவந்து, "இருக்காங்க, வாங்க" என்றான். அவன் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அம்மா அங்கேயே ஒரு விநாடி உட்கார்ந்து எழுந்தாள்.

கட்டிலில் சின்னம்மா கண்ணை மூடிக் கிடந்தாள். வீட்டு ஆட்களைக்கூடச் சில நாளாக அடையாளம் தெரியவில்லை, அந்தக் காலத்துப் பேச்சாகவே பேசுகிறாள் என்று மகன் சொல்லியிருந்தான். அம்மா கிட்டப் போய் அவள் தலையைத் தடவினாள். கண் திறந்தது. வெகுநேரம் பார்த்தது.

"அக்கா," என்றாள் சின்னம்மா, "ஒனக்கு பேப்பர் வந்துருச்சா?"

எனக்குப் புரியவில்லை. அம்மா என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "அன்னிக்குப் போறப்ப ஹட்டன் ஸ்டேஷன்ல வச்சு இவ அழுதாடி. எனக்கும் இந்தியா போற பேப்பர் வந்துரும், அடுத்த கப்பல்ல வந்துர்றேன்னு சொல்லித்தான் ரயில் ஏத்திவிட்டேன்."

பிறகு தங்கச்சியின் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டாள். "வந்துருச்சு தாயி," என்றாள். "மூணே நாள்ல வந்துருச்சு." அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அம்மா அழ ஆரம்பித்தாள்.