நான் பார்க்காததை வரைய மாட்டேன்

கொல்லிமலையில் பிறந்து வளர்ந்த நான், பள்ளிக்கூடத்தில் மலை வரையச் சொன்னபோது இரண்டு முக்கோணம் போட்டேன். நடுவில் பாதிச் சூரியன். கீழே வளைந்து ஓடும் ஆறு, ஓரத்தில் ஒரு குடிசை, ஒரு தென்னை. வகுப்பில் எல்லோரும் அதைத்தான் போட்டோம், எல்லோரும் பத்துக்குப் பத்து வாங்கினோம். மலை மேலேயே குடியிருப்பவர்களுக்கு முக்கோணம் எங்கே தெரியும்? எங்களுக்குத் தெரிவது மேடும் பள்ளமும் மரவள்ளிக் காடும், காலை ஒன்பது மணி வரை கலையாத மூடுபனியும்தான்.

கல்லூரி முடித்து, மலையிலேயே ஓர் அரசு அலுவலகத்தில் தற்காலிகக் கணினி வேலைக்குச் சேர்ந்த வருடம், அந்த முக்கோணம் ஒருநாள் ஞாபகம் வந்தது. வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் வீட்டில் பென்சில் பிடித்த முதல் கை என்னுடையது. அப்பாவுக்கு இன்றும் கைநாட்டுத்தான். அப்படி வந்த கை, யாரோ போட்ட மலையைப் பார்த்தா போட்டது?

கல்லூரியில் மிச்சமிருந்த ரெக்கார்டு நோட்டை எடுத்தேன். ஒரு பக்கம் வெள்ளை, எதிர்ப்பக்கம் கோடு. தினமும் மதியம் சாப்பிட்டபின், டிபன் பாக்ஸைக் கழுவுவதற்கு முன் ஒரு படம். வெள்ளைப் பக்கத்தில் படம், கோட்டுப் பக்கத்தில் தேதியும் இடமும். அன்றைக்குக் கண்ணால் பார்த்தது மட்டும். வரையாத நாளுக்குத் தேதியை மட்டும் போட்டு வெள்ளையாக விட்டுவிட வேண்டும், மறுநாள் உட்கார்ந்து நிரப்பக் கூடாது. சட்டம் போட்டது நான். மீறினால் கேட்பதும் நானே.

முதல் மாதம் கேவலமாக இருந்தது. நாற்காலிக்கு மூன்று கால்தான் வந்தது. ஸ்டேப்ளர் செத்த எலி மாதிரி கிடந்தது. வெள்ளையாக விட்ட பக்கங்கள்தான் என்னை விரட்டின. புரட்டும்போதெல்லாம் அவை முகத்தில் அடித்தன. இரண்டாவது நோட்டில் ஆட்கள் வந்தார்கள். டீக்கடையில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் டீ குடிப்பவர். சேலைக்கு மேல் புருஷன் சட்டையைப் போட்டுக்கொண்டு மரவள்ளி பிடுங்கும் பெண்கள். ஞாயிற்றுக்கிழமைகளில், மிளகு பறிக்க மூங்கில் ஏணியில் நிற்கும் அம்மா.

"அசையாம இரும்மா."

"நா அசையாம இருந்தா மொளகு தானா எறங்கி வருமா கண்ணு? படிச்ச புள்ள, கூடையப் புடிக்கச் சொன்னா கோடு கிழிச்சிக்கிட்டு உக்காந்திருக்குது."

மூன்றாவது நோட்டு பாதியில் இருந்தபோது, அலுவலகத்துக்குப் பெரிய அதிகாரி ஒருவர் வரப்போவதாகச் சொன்னார்கள். கேட் பக்கத்துச் சுவரில் படம் போட வேண்டும் என்று எங்கள் சார் என்னைக் கூப்பிட்டார். கீழ்நாட்டுச் சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்தவர். போனை நீட்டினார். அதில் இடுப்பில் இலை கட்டி, தலையில் இறகு செருகி, ஈட்டியோடு நெருப்பைச் சுற்றி ஆடும் ஒரு கூட்டம்.

"இத அப்படியே சுவத்துல போட்டுடும்மா."

"இவங்க யாருங்க சார்?"

"உங்க ஆளுங்கதான்."

"எங்கூர்ல இப்படி யாரும் இல்லீங்க சார்."

"இப்ப இல்லம்மா. பாரம்பரியம்."

நோட்டைக் கொண்டுவந்து அவர் மேசையில் வைத்தேன். பொறுமையாகத்தான் புரட்டினார். "நல்லாத்தான் வரையற. ஆனா இதப் பாத்தா மலை ஜனங்கன்னு யாருக்குத் தெரியும்? கீழ சேந்தமங்கலம் சந்தையில நிக்கறவங்க மாதிரி இருக்காங்க."

"சேந்தமங்கலம் சந்தையிலயும் நாங்கதானுங்க சார் நிக்கறோம்."

"அப்ப உன்னால முடியாதுங்கற?"

"முடியுங்க சார். இலை கட்டுனவங்க யாரையாவது கூட்டிட்டு வாங்க. நிக்க வெச்சு வரையறேன்."

பக்கத்து மேசை அக்கா இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டார். சார் சிரிக்கவில்லை. அடுத்த வருடமும் எனக்கு அங்கே வேலை உண்டா என்பது அவர் கையெழுத்தில் இருந்தது. அது எனக்கும் தெரியும். டாய்லெட்டுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அன்றைய பக்கத்தில் சாரின் மேசையை வரைந்தேன். கோடுகள் நடுங்கியபடியே இருக்கின்றன, அழிக்கவில்லை.

அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து ஒரு பெயின்டர் வந்தார். நல்ல மனிதர். போனைப் பார்த்து இரண்டே நாளில் சுவரை நிரப்பினார். இரண்டாம் நாள் மதியம், சந்தைக்கு அன்னாசி கொண்டுவந்திருந்த அம்மா என்னைப் பார்க்க வந்தாள். எப்போதும் போல சேலைக்கு மேல் அப்பாவின் முழுக்கைச் சட்டை. சுவருக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, இவிங்கெல்லாம் எந்த ஊருங்க?"

"நீங்கதானுங்கம்மா!" என்றார் பெயின்டர்.

அம்மா சுவரைப் பார்த்தாள், தன் சட்டையைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். அவர் ஸ்வெட்டர் போட்டு, காது மூடக் குரங்குக் குல்லா மாட்டியிருந்தார்.

"இந்தக் குளுருல எலையக் கட்டிக்கிட்டு நின்னா நாங்க பொழைக்க மாட்டமுங்க சாமி. உங்க குல்லாவையாச்சும் அவிங்களுக்குக் குடுங்க."

பெயின்டர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நான் வாசற்படியிலேயே உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். இலை கட்டியவர்கள், அவர்களுக்கு முன்னால் குல்லா போட்டவர், அவருக்குப் பக்கத்தில் முழுக்கைச் சட்டையில் அம்மா. எல்லாம் அன்றைக்கு என் கண்ணால் பார்த்தது. சட்டப்படி சரி.

பெரிய அதிகாரி வரும் நாளன்று, நோட்டை டிராயரில் வைக்கும்படி சார் சொன்னார். வைக்கவில்லை. அம்மாவையும் குல்லாக்காரரையும் வரைந்த பக்கம் தெரியும்படி கணினிக்குப் பக்கத்திலேயே திறந்து வைத்தேன். அதிகாரி அதைப் பார்க்காமலே கடந்து போனார். போகட்டும். மூடி வைத்தது நானாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். வருடக் கடைசியில் சார் என் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். நெட் போனாலும் பதறாமல் வேலையை முடிக்க அங்கே வேறு ஆள் இல்லை.

அந்தச் சுவர் இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டது. பாசி, இலை கட்டியவர்களின் முழங்கால் வரை ஏறியிருக்கிறது. போர்த்திக்கொள்ள அவர்களுக்கும் ஏதோ கிடைத்தது என்று அம்மா சொல்கிறாள். நேற்றைய பக்கத்தில் அந்தப் பாசியைத்தான் வரைந்திருக்கிறேன். ஐந்தாவது நோட்டு இது. முக்கோணம் எதிலும் இல்லை.