விமானத்தில் ஏறாதவர்

என் கணவருக்கு ஸ்ட்ரோக் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நியூசிலாந்தில், எங்கள் கிளென் ஈடன் வீட்டுச் சமையலறையில் பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டு நின்றவரின் கையிலிருந்து கத்தி விழுந்தது. "என்னப்பா?" என்று திரும்பினேன். வாய் திறந்திருந்தது. சொல் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வலது காலும் கையும் மெல்ல மெல்லப் பாதியளவுக்குத் திரும்பின. பேச்சு மட்டும் திரும்பவில்லை. எதைக் கேட்டாலும் ஆமென்று தலையாட்டி "ஓம்" என்பார். பசிக்குதோ? ஓம். நோகுதோ? ஓம். என்ரை பேர் என்ன, சொல்லுங்கோ பாப்பம்? அதற்கும் ஓம். சொல்லிவிட்டு, தான் சொன்னது பிழை என்று தெரிந்து, கண்ணை மூடிக்கொள்வார். அதுதான் பார்க்கப் பொறுக்காது.

வீட்டுக்கு வந்தபிறகு, பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை ஒரு பெண் வந்தாள். சென்னையில் வளர்ந்தவள்.

"அக்கா, யோசிச்சுப் பேசுறது மூளையில ஒரு இடத்துலேருந்து வரும். மனப்பாடமா சொல்றது சில சமயம் வேற வழியா வந்துடும். சாமி பாட்டு, எண்கள், எதாவது முயற்சி பண்ணிப் பார்ப்போமா?" என்றாள்.

தேவாரத்தில் முதல் அடியை எடுத்துக் கொடுத்தேன். உதடு அசைந்தது, அவ்வளவுதான். ஒன்று, இரண்டு என்று எண்ணிக் கொடுத்தேன், அதுவும் தொடரவில்லை. அப்போது பதினைந்து வயது மகள் எழுந்துபோய், அலுமாரியிலிருந்து அவருடைய மாதுளை நிறச் சால்வையைக் கொண்டுவந்து மடியில் போட்டாள்.

அந்தச் சால்வை ஓர் இத்தாலிய உதைபந்தாட்டக் கிளப்புடையது. நியூசிலாந்துக்கு வருவதற்கு முன் அவர் நான்கு வருஷம் இத்தாலியின் வடக்கே, கார்த் தொழிற்சாலைகள் நிறைந்த ஒரு நகரத்தில் அகதியாக இருந்தார். ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். அந்தக் கடைக்காரர் இந்தக் கிளப்பின் பக்தர். அவரிடமிருந்து இவருக்குத் தொற்றியது. அதே நகரத்தில் இன்னொரு கிளப்பும் உண்டு. பட்டமெல்லாம் அதற்குத்தான் போகும். இவருடைய கிளப் பெரும்பாலும் தோற்கும்.

"வெல்லுற கிளப் அதே ஊரிலை இருக்க, ஏனப்பா இதைப் பிடிச்சனீங்கள்?" என்று கல்யாணமான புதிதிலிருந்து கேட்டிருக்கிறேன்.

"அது அப்பிடித்தான்" என்று சிரிப்பார். அதற்குமேல் ஒன்றும் வராது.

அங்கே மாலை நடக்கும் ஆட்டம் இங்கே விடியற்காலையில்தான் வரும். குளிர்காலத்திலும் போர்வையைச் சுற்றிக்கொண்டு, சத்தத்தைக் குறைத்துவிட்டு, தன்னந்தனியாகப் பார்ப்பார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பொறாமையும்.

அன்று சால்வையை இடது கையால் தடவினார். பிறகு ஒரே மூச்சில், மந்திரம் சொல்வதுபோல, பதினொரு பெயர்கள் சொன்னார். ஒன்றும் தடக்கவில்லை.

"அம்மா! ஹி இஸ் டோக்கிங்!" என்று மகள் கத்தினாள். சென்னைப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. நான் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் இல்லை. இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த என் பெயர் வரவில்லை, யாரோ பதினொரு இத்தாலியர்களின் பெயர் வருகிறதே என்ற நோவு.

போகும்போது அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது ஒரு கதவுக்கா. நீங்களும் அதுவழியா உள்ள போய்ப் பாருங்க."

எனக்கு மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு மருந்துக்கடையில் வேலை. ரயிலில் போகவர அந்தக் கிளப்பின் சரித்திரத்தை வாசிக்கத் தொடங்கினேன். பந்தாட்டத்தில் எத்தனை பேர் ஓடுவார்கள் என்பதைக்கூட எண்ணிப் பார்க்காதவள் நான்.

அந்தப் பதினொரு பேரும் செத்துப்போனவர்கள். இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில் அவர்களை வெல்ல இத்தாலியில் ஆளில்லை. அடுத்தடுத்து ஐந்து சாம்பியன் பட்டம். சொந்த மைதானத்தில் வருஷக்கணக்காகத் தோற்கவில்லை. ஒருமுறை நாட்டின் அணியில் பதினொரு பேரில் பத்துப் பேர் இவர்கள்தான். பிறகு போர்த்துக்கல்லில் ஒரு நட்பு ஆட்டம் விளையாடிவிட்டுத் திரும்பும்போது, தங்கள் நகரத்துக் குன்றின்மேல் இருக்கும் தேவாலயத்தின் பின்மதிலில், மூடிய மேகத்துக்குள் விமானம் மோதியது. ஒருவரும் மிஞ்சவில்லை. அந்த வருஷம் நான்கு ஆட்டங்கள் மீதம் இருந்தன. கிளப் தன் இளையோர் அணியை இறக்கியது. எதிர்த்து ஆட வந்தவர்களும் தங்கள் இளையோரையே இறக்கினார்கள். இதை வாசித்தபோது நான் இறங்கவேண்டிய ஸ்டேஷன் போய்விட்டது.

பின்னேரங்களில் அவருக்குப் பக்கத்தில் இருந்து, வாசித்ததைக் கதையாகச் சொன்னேன். நடுவில் ஒரு சொல்லை விட்டுவிட்டு அவரைப் பார்ப்பேன்.

"விமானம் தேவாலயத்தின்ரை பின்பக்கம் எதிலை மோதினது?"

வெகுநேரம் தேடினார். "ம... மதில்."

ஓம் அல்லாத முதல் தமிழ்ச் சொல் அதுதான். அன்றைக்கு மகளும் நானும் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

இன்னொரு நாள், அணி தடுமாறும்போது பார்வையாளர் வரிசையில் ஒரு ரயில்வே ஊழியர் ஊதுகுழலை ஊதுவார், உடனே அணித் தலைவர் சட்டைக் கையைச் சுருட்டுவார், அதன்பிறகு கோல் மழைதான் என்று சொன்னேன். அடுத்த நாள் நடைப்பயிற்சிக்கு எழும்பமுன் அவர் இடது கையால் வலது சட்டைக் கையைச் சிரமப்பட்டு மேலே தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார். நான் வாயில் கையைக் குவித்து ஊதினேன். பல மாதங்களுக்குப் பிறகு அவர் சிரித்தார்.

அதற்கடுத்த கிழமைதான் அது நடந்தது. நான் புதிதாக ஒன்று வாசித்திருந்தேன். "உங்களுக்குத் தெரியுமோ, ஒரு ஆட்டக்காரர் அந்தப் பயணம் போகேல்லை. முழங்காலிலை காயம். வீட்டிலை நிண்டிட்டார். அவர் மட்டும் தொண்ணூறு வயசு தாண்டி இருந்தவராம்" என்றேன்.

அவர் முகம் உடைந்தது. தோள் குலுங்க அழுதார். பிறகு, ஒவ்வொன்றாக, இடையில் மூச்சு வாங்கி, நான்கு பெயர்கள் சொன்னார். இத்தாலியப் பெயர்கள் இல்லை. எங்கள் ஊர்ப் பெயர்கள். அவர் வாயிலிருந்து நான் ஒருநாளும் கேள்விப்படாதவை.

நகரத்தின் மறுபக்கத்தில், பக்குரங்காவில், அவருடைய பள்ளித் தோழர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு ஃபோன் பண்ணி அந்த நான்கு பெயர்களையும் சொன்னேன்.

"தங்கச்சி, நான் வாறன்" என்றார்.

ஒரு மணி நேரத்தில் வந்து, என் கணவருக்குப் பக்கத்தில் அமர்ந்து, அவர் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார். இருவரும் பள்ளிக்கூட உதைபந்தாட்ட அணியில் இருந்தவர்கள். தோழர் கோல்காப்பாளர். என் கணவர் இடதுபக்கத் தடுப்பு ஆட்டக்காரர். ஊரில் போர் நடந்த காலத்தில், ஒரு நாள் பயிற்சி முடிந்து எல்லோரும் சைக்கிளில் திரும்பும்போது ஷெல் விழுந்தது. நான்கு பேர் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள்.

"இவனுக்கு அண்டைக்குக் காய்ச்சல். வீட்டிலை கிடந்தவன். இவன்ரை இடத்திலை ஓடினவனும் அந்த நாலு பேரிலை ஒருத்தன்" என்றார். "அதுக்குப் பிறகு இவன் பந்தைத் தொடேல்லை."

"எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே அண்ணை."

"ஆருக்கும் சொல்லேல்லை."

மே மாதத்தில், விமானம் மோதிய நாளன்று, அந்தக் கிளப்பின் அணித் தலைவர் குன்றுக்கு ஏறிப்போய், தேவாலயத்தின் மதிலடியில் நின்று, இறந்தவர்கள் எல்லோருடைய பெயரையும் உரத்து வாசிப்பார். வருஷம் தவறாமல் நடக்கிறது. சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருமுறை இவரையும் கூட்டிப்போயிருக்கிறார். தோழருக்கு எழுதிய பழைய கடிதம் ஒன்றில் அது இருக்கிறதாம். "இங்கே பெயர் வாசிக்கிறார்கள்" என்று மட்டும் எழுதியிருந்தாராம். ஏன் தோற்கிற கிளப் என்று நான் அதன்பிறகு கேட்கவில்லை.

என் பெயர் எப்படி வந்தது என்றும் சொல்லவேண்டும். ஒரு வியாழக்கிழமை, குளியலறைக்குள்ளிருந்து, துவாய் கேட்டு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சாதாரணமாக, கொஞ்சம் கோபமாகக்கூட. கூப்பிட்டது அவருக்கே தெரியவில்லை. நான் துவாயைக் கொடுக்காமல் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன், இன்னொருக்கால் கூப்பிடுவார் என்று. கூப்பிட்டார்.

இப்போது இரண்டு, மூன்று சொல் சேர்த்துக் கதைக்கிறார். தோழர் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். இருவரும் பகலில் ஆட்டத்தின் ஒளிப்பதிவைப் பார்க்கிறார்கள். போன ஞாயிறு ஆட்டம் முடிந்ததும், மகள் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, "அப்பா, டெல் மீ அபௌட் ஒன் ஒஃப் தெம்" என்றாள். நால்வரில் ஒருவனைப் பற்றி.

அவர் சொன்னார். அவன் வெறுங்காலோடுதான் விளையாடுவானாம். பள்ளிக்கூடம் வாங்கிக் கொடுத்த சப்பாத்தைக் கழற்றி வேலியில் கொழுவிவிட்டு ஓடுவானாம். ஒருநாள் ஒரு ஆடு அதன் நாடாவைத் தின்றுவிட்டதாம். இதைச் சொல்லி முடிக்க அவருக்கு அரைமணி நேரம் பிடித்தது. "ஆடு" என்ற சொல் வராமல் மேசையில் இருந்த மகளின் கொப்பியில் படம் கீறிக் காட்டினார். தோழருக்கு அந்தச் சொல் தெரியும். ஆனாலும் அவர் எடுத்துக் கொடுக்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் காத்துக்கொண்டிருந்தோம்.