பொட்டலில் கோல்ப் சங்கம் கண்ட எங்கள் அப்பா

அப்பாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரை வாங்கியிருக்கும் உறவினர்களையும், சங்கத்து நண்பர்களையும், ஊராரையும் வணங்குகிறேன். இப்படிப்பட்ட மலரில் என்ன எழுத வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. பிறந்த ஊர், பட்ட கஷ்டம், குணநலம், கடைசி நாள், பிறகு நன்றி. நானும் அந்த வரிசையில்தான் எழுதப் போகிறேன். ஆனால் கடைசி நாளைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பது ஒன்று, நான் எழுதப் போவது வேறொன்று. எழுத உட்கார்ந்தபோது வெட்கத்தில் மூன்று முறை பேனாவை மூடி வைத்தேன்.

அப்பா பொன்னமராவதிக்குத் தெற்கே, வானம் பார்த்த நிலத்தை நம்பிய ஒரு குடும்பத்தில் பிறந்தவர். ஏழு வயதில் தகப்பனாரை இழந்தார். புதுக்கோட்டையில் தாய்மாமன் வீட்டில் தங்கி, அந்த வீட்டு மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போனார். படிப்பு முடிவதற்குள் சமஸ்தானத்து மராமத்து இலாகாவில் நிலம் அளக்கும் சங்கிலியைப் பிடிக்கும் வேலை கிடைத்தது. வெயிலில் சங்கிலி இழுத்து இழுத்தே படிப்படியாக உயர்ந்து டிராப்ட்ஸ்மேன் நாற்காலிக்கு வந்தார். அக்காவைப் படிக்க வைத்து மீமிசலில் கட்டிக் கொடுத்தார். என்னைப் பி.டி. வரை படிக்க வைத்து வாத்தியார் ஆக்கினார். யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாதவர். கோல்ப் மைதானத்தில் மட்டும் உயர்த்துவார். அது கோபத்தால் அல்ல. பந்தை அடிக்கும் முன், "ஒதுங்கிக்கங்க, ஒதுங்கிக்கங்க, ஒதுங்கிக்கங்க!" என்று மூன்று முறை கத்த வேண்டும் என்பது அவரே போட்ட சட்டம்.

அந்தச் சங்கம் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அப்பாவின் மேலதிகாரியாக ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயர் இருந்தார். ஊருக்கு மேற்கே உள்ள செம்பாறைப் பொட்டலில் மாலை வேளைகளில் தனியாக கோல்ப் ஆடுவார். பந்து எவ்வளவு தூரம் போனது என்று அளந்து சொல்ல அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவார். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருடம் அவர் சீமைக்குக் கப்பல் ஏறினார். ஏறும் முன் ஒரு தோல் பையையும் அதிலிருந்த ஏழு குச்சிகளையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஆபீசில் மற்றவர்கள் எல்லாம் எந்த ஊருக்கு மாற்றுவார்களோ என்று ஓடிக்கொண்டிருந்தபோது, அப்பா அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பொட்டலுக்குப் போனார். சர்க்கார் வேலையாகத்தான் போகிறார் என்று நாங்கள் நினைத்தோம். ஒன்பது குழிகளுக்கு இடம் குறித்துவிட்டு வந்தார்.

தாசில்தாருக்கு மனுப் போட்டு, அந்தப் புறம்போக்கில் விளையாட அனுமதி வாங்கினார். கம்பவுண்டர், டிரில் மாஸ்டர், தபாலாபீஸ் கிளார்க், ரைஸ் மில் முதலாளி ஆகிய நால்வரும் சேர்ந்தார்கள். பால் பவுடர் டின்களைப் புதைத்துக் குழி செய்தார்கள். புல் முளைக்காத மண் என்பதால், குழியைச் சுற்றி ஆற்று மணலைக் கொட்டி, பஸ் ஷெட்டில் வாங்கிய கழிவு எண்ணெயை ஊற்றிப் பிசைந்து, சாக்கால் இழுத்துச் சமன் செய்தார்கள். ஆடி முடித்து வீட்டுக்கு வரும்போது ஐந்து பேர் மேலும் லாரி வாடை அடிக்கும். "இந்த வயசுல எதுக்குங்க இது?" என்று அம்மா கேட்டதற்கு அப்பா, "வெள்ளக்காரன் ஆடுனா வெளையாட்டு, நான் ஆடுனா கிறுக்கா?" என்று சிரித்தார். அம்மா சீயக்காயை எடுத்துக் கொடுத்தார்.

குழி எங்கே இருக்கிறது என்று தூரத்திலிருந்து தெரிய, மூங்கில் கழியில் கொடி நட வேண்டும். முதலில் சிவப்புத் துணியில் கொடி கட்டினார்கள். மூன்றாம் நாள் ஒரு ஏட்டு சைக்கிளில் வந்து இறங்கி, "யாருய்யா இங்க கட்சி நடத்துறது?" என்று கேட்டார். செங்கொடியைக் கண்டால் போலீசுக்குத் தூக்கம் வராத காலம் அது. அப்பா ஒரு குச்சியை அவர் கையில் கொடுத்து நாலு பந்து அடிக்கச் சொல்லித்தான் அனுப்பினார். அன்றே பழைய வேட்டிகளைக் கிழித்து மஞ்சளில் நனைத்துப் புதுக் கொடிகள் கட்டினார்.

அதில்தான் வேறொரு சங்கதி முளைத்தது. பொட்டலில் ஆடு மேய்க்கும் பெண்கள் மஞ்சள் கொடியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார்கள். நாலாம் குழி ஒரு வேப்பங்கன்றின் பக்கத்தில் இருந்ததால், அங்கே முனி இறங்கியிருப்பதாக முடிவு செய்து கழிக்குக் குங்குமம் வைத்தார்கள். எலுமிச்சம்பழமும் வந்தது. மில் முதலாளி இதைத் தடுக்க வேண்டும் என்றார். அப்பா, "கும்புட்டுட்டுப் போகட்டும், நம்ம ஆட்டத்துல என்ன கொறஞ்சு போச்சு?" என்று சொல்லி, சங்கத்தின் சட்டப் புத்தகத்தில் ஒரு வரி சேர்த்தார்: 'நாலாம் குழியில் பந்து எலுமிச்சம்பழத்தின் மேல் பட்டால் குற்றமில்லை. மறுபடி அடிக்கலாம்.' அந்தப் பெண்களில் மூத்தவரான கருப்பாயி ஒரு நாள் அப்பாவிடம் ஒன்று கேட்டுக்கொண்டார். கொடி மண்ணில் விழுந்து கிடந்தால் ஆட்டுக்கு நோவு வரும் என்று அவர்களுக்குப் பயம். அவர்கள் கையால் தொடவும் கூடாது. அதனால், பொழுது சாய்வதற்குள் கொடிகளை எடுத்துவிடுவோம், ஒரு நாளும் மண்ணில் விழ விடமாட்டோம் என்று அப்பா வாக்குக் கொடுத்தார். பத்து வருடத்துக்கு மேல் அந்த வாக்குத் தவறவில்லை.

இதையெல்லாம் இன்று ரசித்து எழுதுகிறேன். அன்று எனக்கு உடம்பு கூசியது. அரை டவுசரும், நரைத்த தலையும், தோளில் மஞ்சள் கொடிக் கட்டுமாக அப்பா கடைத்தெருவில் வருவதைப் பார்த்தால் நான் அடுத்த சந்தில் திரும்பிவிடுவேன். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் பையன்கள் கரும்பலகையில் ஒரு குச்சியும் முட்டையும் வரைந்து வைப்பார்கள். ஒருமுறை பள்ளியைப் பார்வையிட வந்த இன்ஸ்பெக்டர், பொட்டலில் கத்திக்கொண்டிருந்தவரைக் காட்டி, "யார் அது?" என்று கேட்டார். "தெரியலை சார்" என்றேன். பெற்றவரைத் தெரியாது என்று சொன்ன அந்த வாய்தான் கடைசி நாளிலும் பேசியது.

சென்ற புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் தம் தங்கை மகளை எனக்குக் கொடுக்கும் எண்ணத்தோடு, தங்கை கணவரையும் அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தார். தலைமையாசிரியரைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய ஒரு குணம் தெரியும். பரீட்சையில் தோற்ற பையனை மன்னிப்பார், பொய் சொன்ன பையனை மன்னிக்க மாட்டார். "இன்னைக்கு டவுசர் வேணாம்பா" என்று காலையிலேயே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் முகம் கோணாமல், "சரிப்பா. இன்னைக்கு மாப்பிள்ளைக்குத் தகப்பனா மட்டும் இருக்கேன்" என்று சலவை வேட்டி கட்டிக்கொண்டு, ஆடப் போகாமல் வீட்டில் இருந்தார். காலையில் மற்றவர்கள் ஆடிவிட்டுப் போயிருந்தார்கள். கொடிகளை எடுக்கும் முறை அன்று எங்கள் வீட்டுடையது.

மூன்று மணி வாக்கில் அப்பா, "மேகம் கூடுது. சைக்கிள்ல போயி கொடிய உருவிக்கிட்டு வந்துரு தம்பி" என்றார். போனேன். பாதி வழியில், தூரத்தில் ஜட்கா வண்டி வருவது தெரிந்தது. உள்ளே தலைமையாசிரியரின் தலைப்பாகை. ஒன்பது மஞ்சள் கொடிகளைத் தோளில் வைத்துக்கொண்டு அந்த வண்டிக்குப் பின்னால் வீட்டுக்குள் நுழைவதை நினைத்துப் பார்த்தேன். சைக்கிளைத் திருப்பிவிட்டேன். அவர்கள் போன பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கொல்லை வழியாக வந்து முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். வந்தவர்களுக்கு முன்னால் அப்பா கேட்டார்:

"கொடி எடுத்தாச்சா தம்பி?"

"எடுத்தாச்சுப்பா."

அரை மணி நேரம் போயிருக்கும். அம்மா கேசரி பரிமாறிக்கொண்டிருந்தார். காற்று ஜன்னலை அடித்தது. வாசலில் கருப்பாயி மூச்சிரைக்க நின்று கூப்பிட்டார். "அய்யா, நாலாங்கொடி மண்ணுல கெடக்குங்க. மத்ததெல்லாம் காத்துல ஆடுது. நாங்க தொடலங்க. வெரசா வாங்கய்யா!"

அறையில் எல்லோருக்கும் அது கேட்டது. தலைமையாசிரியர் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இப்பத்தானே எடுத்தாச்சுன்னு சொன்னீங்க தம்பி?" என்றார். அப்பா என்னை ஒரு கணம்தான் பார்த்தார். பிறகு அவரிடம் திரும்பி, சிரித்துக்கொண்டே சொன்னார்:

"தம்பி நேத்து எடுத்ததச் சொல்லுதுங்க. இன்னைக்கி எங்க மொறைங்கிறத நான்தான் அதுகிட்ட சொல்ல மறந்துட்டேன். வயசாயிருச்சுல்ல."

நான் எழுந்து, "நான் போறேம்பா" என்றேன். "நீ இரு தம்பி. வந்தவுகளோட பேசிக்கிட்டு இரு. இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டுச் சலவை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

நான் உட்கார்ந்தேன். இந்த மலரில் நான் எழுதியிருக்கும் வாக்கியங்களிலேயே எனக்கு மிகவும் கேவலமான வாக்கியம் அதுதான். பி.டி. படித்த கதையை அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கூரையையே பிளப்பது போல ஓர் இடி விழுந்தது. "பெரிய இடி" என்றார் தலைமையாசிரியர். "ஆமாம் சார்" என்று சொல்லிவிட்டுக் கதையைத் தொடர்ந்தேன்.

கருப்பாயிதான் மறுபடி ஓடி வந்தார். இந்த முறை வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நின்றார். நாங்கள் போய்ப் பார்த்தபோது அப்பா ஏழாம் குழிக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார். கம்பவுண்டர் நாடி பார்த்துவிட்டு எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். எடுத்த ஆறு கொடிகளும் சைக்கிளில் சேர்த்துக் கட்டியிருந்தன. விழுந்து கிடந்த நாலாம் கொடியும் அதில் இருந்தது. இப்போது ஒன்றும் மண்ணில் படவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். "மறதி வந்தப்பறம் மனுசன் வீட்டுல இருக்கணும்ல" என்று சுடுகாட்டிலேயே ஒரு உறவினர் சொன்னார். நான் தலையாட்டினேன். கொடியை மறந்துவிட்டு இடியில் போய் மாட்டிக்கொண்டார், குச்சியாட்டப் பைத்தியம் உயிரைக் குடித்துவிட்டது என்று ஒரு வருடமாக ஊர் பேசுகிறது. நானும் கேட்டுக்கொண்டு, பேசாமல் இருந்து, அதையே உண்மையாக்கிவிட்டேன். தலைமையாசிரியரும் துக்கம் கேட்க வந்தபோது, "வயசானா மறதி வரத்தானே செய்யும்" என்று என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார். வருடம் திரும்பியதும் கல்யாணப் பேச்சை எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். இந்த மலரின் முதல் பிரதியை அவருக்குத்தான் கொடுக்கப் போகிறேன். படித்த பிறகு அவர் எடுக்கும் முடிவு எதுவானாலும் அது நியாயமே.

இனி நன்றி. அன்று மழையோடு மழையாக அப்பாவைத் தோளில் சுமந்து வந்த கம்பவுண்டருக்கும் டிரில் மாஸ்டருக்கும், பந்தல் முதல் சாப்பாடு வரை தாமே பொறுப்பேற்ற மில் முதலாளிக்கும், மீமிசலிலிருந்து இரவோடு இரவாக வந்து சேர்ந்து காரியங்களை முன்னின்று நடத்திய அக்காவுக்கும் அத்தானுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கருப்பாயி அம்மாளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நான் பாதி வழியில் சைக்கிளைத் திருப்பியதை அவர் பொட்டலில் நின்று பார்த்திருக்கிறார். சென்ற வாரம் போய்க் கேட்டபோதுதான் சொன்னார். "அய்யாவே சொல்லல. நான் யாருங்க சொல்றதுக்கு?" என்றார்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. "மறந்துட்டேன்னு அவரே சொல்லிட்டுப் போயிட்டாரு. அவரு ஒனக்குக் கடைசியாக் குடுத்தது அதுதாண்டா. அத ஏன் திருப்பிக் குடுக்குற?" என்றார்.

அம்மா சொல்லைக் கேட்காமல் அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். உறவினர்களே, ஊராரே, அப்பா எதையும் மறக்கவில்லை. நான் பொய் சொன்னது தெரிந்தேதான் சைக்கிளை எடுத்தார். இனிமேல் அவரைப் பற்றிப் பேசும்போது மறதிக்காரர் என்று யாரும் சொல்லாதீர்கள். என்னைச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
மகன்