சந்தனம் பூசிய ஏணி

ஆயுத பூசை விடுமுறை முடிந்து ஸ்டோர் ரூமைத் திறந்த ஜோதிலட்சுமி வாசலிலேயே நின்றுவிட்டாள். ஒரு மாதத்துக்கு முன் அவள் ஒதுக்கிப் போட்ட அலுமினிய ஏணி, புது மாப்பிள்ளை மாதிரி சுவரோரம் நிமிர்ந்து நின்றது. மேலிருந்து கீழ்வரை வெள்ளி பெயிண்ட். உச்சிப் படியில் வாடிய சாமந்தி மாலை. இரண்டு கால்களிலும் கைக்கெட்டிய இடமெல்லாம் சந்தனம், அதன் நடுவே குங்குமம்.

போன மாதம் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஒன்று பின்னால் வந்து அந்த ஏணியை இடித்தது. நாலாவது படிக்குப் பக்கத்தில் இடது கால் உள்ளே மடங்கியது. ‘உபயோகிக்காதே’ என்று சிவப்பு அட்டை எழுதி, கம்பி போட்டுக் கட்டி, ஸ்டோருக்குப் பின்னால் கிடத்தியிருந்தாள். இப்போது அட்டையும் இல்லை, மடங்கலும் இல்லை. மடங்கிய இடத்தில் மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் தாராளமாகச் சந்தனம் இருந்தது.

மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசர் வெங்கடேசன் டீ கிளாசோடு வந்தார்.

“இன்னாம்மா, ஏணி சூப்பரா இருக்குதா? பசங்கதான் சுத்தியால தட்டி நிமித்துனாங்க. பூஜைக்கு எல்லா ஆயுதமும் வரணும்ல.”

“அட்டை கட்டியிருந்தேனே சார்.”

“பூஜைல வெக்கிற பொருள்ல அட்டை தொங்கிக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்?”

அவள் குனிந்து அந்தச் சந்தனத்தை விரலால் சுரண்டினாள். பொன்னேரியிலிருந்து லோக்கல் ரயிலில் வந்து, கும்மிடிப்பூண்டியின் இந்தக் கம்பி ஆலையில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவள். நாற்பத்திரண்டு பேர் படித்த வகுப்பில் முதல் மார்க். நேர்காணலில் மேனேஜர் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஸ்டோர்ல உக்காரும்மா, ஃபேனாவது இருக்கும்” என்றார். அன்றிலிருந்து ஸ்பேனரை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிறாள். தேய்ந்ததைக் கொடுக்க மாட்டாள் என்பதால் ‘ரூல்ஸ் அக்கா’ என்று பெயர். அந்தப் பெயரில் மரியாதை கிடையாது என்பது அவளுக்குத் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன் குணா என்ற கான்ட்ராக்ட் தொழிலாளி கூரையிலிருந்து விழுந்து செத்தான். நிர்வாகம் ‘கவனக்குறைவு’ என்று எழுதியது. கூட வேலை செய்தவர்கள் ‘அவன் நேரம்’ என்றார்கள். எழுதியவர்கள் தப்பிக்கப் பொய் சொன்னார்கள், அது அவளுக்குப் புரிந்தது. மற்றவர்கள் நம்பியே சொன்னார்கள். அதைத்தான் அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. துருப்பிடித்து இற்ற கூரைத் தகரம் ஒடிந்தால் நேரமா? அந்தத் தகரத்தின் மேல் ஒருவனை ஏற்றியவனுக்குப் பெயர் கிடையாதா? அடுத்த வருடம் பாதுகாப்புக்காக ஆலை செய்த ஒரே ஏற்பாடு, வாசலில் ஒன்றுக்குப் பதில் இரண்டு பூசணிக்காய் உடைத்ததுதான்.

“சாம்சன் வருவான், ஏணிய குடுத்துடு,” என்றார் வெங்கடேசன். “மழ வருதுன்னு சொல்றாங்க. கூரைத் தண்ணி வழிஞ்சி ஓடுற தொட்டி குப்பைல அடைச்சிக்கினு கீது. கரண்டு பேனல் போர்டு மேல ஒழுகினா லைனே நின்னுடும்.”

“சாரம் கட்டச் சொல்லலாமே சார்?”

“சாரக்காரன் நாளைக்குத்தான் வருவான். அதுக்குன்னு ஒரு நாள வீணாக்குவாங்களா?”

அவர் போனதும் ஏணியைத் தரையில் கிடத்தினாள். தின்னர் நனைத்த துணியால் நாலாவது படிக்குப் பக்கத்தில் சந்தனத்தையும் பெயிண்டையும் துடைத்தெடுத்தாள். சுத்தியல் தடம் தெரிந்தது. விரிசல் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணை நம்பக் கூடாது என்றுதான் படித்திருந்தாள். மண்ணெண்ணெய் தடவி, பத்து நிமிடம் விட்டு, காயத் துடைத்து, சாக்பீஸைப் பொடியாக்கி மேலே தேய்த்துவிட்டுக் காத்திருந்தாள்.

வெள்ளைப் பொடியில் மயிரிழை போல ஒரு கருப்புக் கோடு மெல்லக் கசிந்தது. கால் அகலத்தில் பாதிக்கு மேல் ஓடி நின்றது.

சாம்சன் வந்தான். நாற்பத்தைந்து வயது, கவரைப்பேட்டைக்காரன், கான்ட்ராக்டில் பதினோரு வருடம். கோட்டைக் குனிந்து பார்த்தான்.

“இதுக்கா பேஜாரு? ஓரமா கால வெச்சு ஏறிடுறேன்க்கா.”

“படியில்லடா உடைஞ்சது, ஏணியோட கால். படி போயிருந்தா நானே ரெண்டு ரிவெட் அடிச்சு மாத்திக் குடுத்துருவேன்.”

“நான் ஏறலன்னா வேற ஒருத்தன் ஏறுவான். என் கேட் கார்டு கான்ட்ராக்டர் கைல கீது. அப்புறம் கேட்ல நின்னு உனக்கு டாட்டா காட்டணும்.”

“விழுந்தா?”

“கர்த்தர் பாத்துப்பாரு.” சிரித்தான். “பூஜையும் போட்டுட்டாங்க. ரெண்டு பக்கமும் ஆளு கீறாங்க எனக்கு.”

“குணாவுக்கு யாருடா இல்லாம போனாங்க?”

அவன் சிரிப்பு நின்றது. குணாவைத் தூக்கிக்கொண்டு ஆம்புலன்சுக்கு ஓடியவர்களில் அவனும் ஒருவன்.

வெங்கடேசன் திரும்பி வந்தார். கோட்டைக் காட்டினாள். அரை நிமிடம் பார்த்தார்.

“சரி, ஒரு பிளேட் வெச்சு வெல்டிங் போட்டுடலாம். அரை மணி வேல.”

“அலுமினியத்துல சூடு பட்ட இடம் இளகிடும் சார். பத்த வெச்ச இடத்துக்குப் பக்கத்துல ஒடியும். இன்னிக்குத் தாங்கும். என்னிக்கு ஒடியும்னு உங்களாலயும் சொல்ல முடியாது, என்னாலயும் முடியாது.”

“இத்தினி வருஷம் எவ்ளோ ஏணி வெல்டிங் போட்டிருக்கோம். இன்னா ஆச்சு?”

“நீங்க ஏறுனீங்களா சார்?”

டீ குடிக்க வந்த இரண்டு பேர் சிரித்தார்கள். வெங்கடேசனின் முகம் கறுத்தது.

“பூஜை போட்ட பொருள ஒதுக்கக் கூடாதும்மா. கம்பெனிக்கு ஆவாது. சாம்சா, வெல்டர கூட்டினு வா.”

சாம்சன் அவளைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தான். அவன் மேல் அவளுக்குக் கோபம் பற்றி எரிந்தது. தன் உயிரைக் காப்பாற்றுகிறவளிடம் மல்லுக்கு நிற்கிறான், பறிக்கிறவனுக்குத் தலை குனிகிறான். அவனை அப்படி ஆக்கி வைத்தவர்கள் மேல் இன்னும் பெரிய கோபம் வந்தது. மறுபடி அட்டை கட்டினால் மறுபடி அவிழ்ப்பார்கள். ஏணி ஏணியாக இருக்கும்வரை யாரோ ஒருவன் ஏறுவான்.

அலமாரியிலிருந்து ஹேக்சாவை எடுத்தாள். புது பிளேடு மாட்டினாள். விரிசல் விழுந்த இடத்தைக் காட்டுவதற்காக அப்படியே விட்டுவிட்டு, அதற்கு ஒரு சாண் மேலே, நல்ல இடத்தில் வைத்து அறுக்க ஆரம்பித்தாள். ஒரு கால், அப்புறம் மறு கால். பத்தொன்பது வருடத்தில் இந்த ஆலையில் அவள் செய்த முதல் ஃபிட்டர் வேலை. வெங்கடேசன் கத்தினார். “கையெழுத்துப் போட்டு நான்தான் பொறுப்புன்னு எழுதிக் குடுங்க, நிறுத்துறேன்,” என்றாள் தலை நிமிராமல். அவர் எழுதிக் கொடுக்கவில்லை. வெல்டரோடு சாம்சன் வந்தபோது சாமந்தி மாலை ஒரு பாதியில் இருந்தது, விரிசல் மறு பாதியில்.

சாயங்காலமே மெமோ வந்தது. நிறுவனச் சொத்தைச் சேதப்படுத்தியதற்கும் பூசைப் பொருளை அவமதித்துச் சக ஊழியர் மனதைப் புண்படுத்தியதற்கும் மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும்.

மறுநாள் காலை சாரம் வந்தது. மழை மத்தியானம்தான் பெய்தது. அதற்குள் சாம்சன் தொட்டியை வழித்துப் போட்டிருந்தான். பேனல் போர்டில் ஒரு சொட்டு விழவில்லை. அவனும் விழவில்லை. விழாதவனைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது என்பதுதான் இந்த வேலையின் சாபக்கேடு. அந்த ஏணியில் ஏறியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று சொல்ல ஆலையில் ஐம்பது வாய் இருந்தது.

இறங்கி வந்த சாம்சன் ஸ்டோர் வாசலில் நின்றான்.

“மெமோக்கு இன்னாக்கா எழுதப் போற?”

“நடந்தத. நீ சாட்சியா கையெழுத்துப் போடுறியா?”

அவன் ஈரக் கையைப் பேண்டில் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான்.

“கார்டு போயிடும்க்கா,” என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஜோதிலட்சுமி விளக்கத்தைத் தனியாகவே எழுதி, தனியாகவே கையெழுத்திட்டாள். புது ஏணி கேட்டு ஐந்தாம் தடவையாக ஒரு விண்ணப்பம் எழுதி அதோடு பின் போட்டாள். சாக்பீஸ் கோடு அழியாமல் விரிசல் விழுந்த துண்டை மட்டும் அறுத்தெடுத்து, தாளில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மழையோடு ஆபீசுக்கு நடந்தாள்.