மயில் ஓய்வெடுக்கிறது

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரங்களின் நடுவில், நாகமலை புதுக்கோட்டைப் பக்கத்து வயல்களில் முனைவர் பட்டத்துக்காக மயில் பின்னால் அலைந்துகொண்டிருந்தேன். முறையாக அனுமதி வாங்கி ஓர் ஆண் மயிலின் முதுகில் சின்ன சென்சார் ஒன்றைக் கட்டியிருந்தோம். அதன் அசைவுகள் கம்பியில்லாமலே ஆய்வகத்துக் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும். மேய்ச்சல், நடை, பறத்தல், ஓய்வு என்று நான்கையும் பிரித்துச் சொல்லக் கம்ப்யூட்டரைப் பழக்கினேன். அது என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. மயில் இறகைக் கோதினால் பறக்கிறது என்றது. நெறியாளர் என்னைத்தான் முறைத்தார்.

இடையில் எனக்குக் காய்ச்சல். எழுந்து போனபோது அவருக்கு வாயெல்லாம் பல்.

"மெஷின் இப்பத் தடுமாறவே இல்லப்பா. ரெண்டு மூணு நாளா ஓய்வுன்னே சொல்லுது."

இரண்டு மூன்று நாள் மேயாமல் எந்த மயில் இருக்கும்? வயலுக்கு ஓடினேன். வேலிப் புதருக்குள் மயில் செத்துக் கிடந்தது, கண்ணில் எறும்பு.

வயல்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எலிக்குத்தான் தம்பி அரிசியில மருந்தக் கலந்து வச்சேன். முருகன் வாகனத்தக் கொல்லுவேனா? ஆனா அது எம்புட்டு நெல்லத் திங்குது தெரியுமா?" இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

திரும்பி வந்து, மயில் செத்துக் கிடந்த நாட்களின் பதிவுகளை நீக்கிவிட வேண்டும் என்று நெறியாளரிடம் சொன்னேன்.

"எதுக்கு? அசையாமத்தான கெடந்துச்சு? மெஷின் சொன்னது தப்பா?"

"செத்தத எப்படி சார் ஓய்வுன்னு எழுதுறது?"

"எடுத்தா ரிசல்ட் விழுந்துரும். அப்புறம் எங்கிட்டக் கையெழுத்துக் கேட்டு வராத."

நான் நீக்கினேன். சொன்னபடியே அவர் கையெழுத்துப் போடவில்லை. வயல்காரரையாவது வயிற்றுப்பாடு என்று விட்டுவிடலாம். இவருக்கு என்ன கேடு? பட்டம் போயிற்று. ஆரப்பாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பிள்ளைகளுக்கு டைப்பிங் சொல்லிக்கொடுக்கப் போனேன்.

பிறகு ஒருநாள் சான்றிதழ்களை வாங்கத் துறைக்குப் போக வேண்டியிருந்தது. அறிவிப்புப் பலகையில் எங்கள் மயிலின் வரைபடம் பெரிதாகத் தொங்கியது. நான் நீக்கியதையெல்லாம் திரும்பச் சேர்த்திருந்தார். என் பெயர் இல்லை, நல்லவேளை. முடிவில் நெளிவே இல்லாமல் நேராக ஓடிய நீண்ட கோட்டின் கீழே எழுதியிருந்தது: இப்பகுதி வயல்களில் மயில்கள் அச்சமின்றி நெடுநேரம் ஓய்வெடுக்கின்றன.