மேனேஜருக்கு ஒரு பாலிசி

தெருவில் எல்லாருக்கும் அவள் பிரேக்கக்கா. கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். பயிற்சிக் காரில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும், அது அவளுடையது. அதிலேயே கால் வைத்துப் பழகிப்போய், வீட்டில் டிவி பார்க்கும்போதுகூடக் கதாநாயகன் வளைவில் வேகமாக வந்தால் அவள் வலது கால் தானாகத் தரையை அழுத்தும்.

புதிதாக ஒருவர் வந்தால் முதல் நாள் எதுவும் சொல்லிக்கொடுக்க மாட்டாள். காலி மைதானத்தில் வண்டியைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள். "நான் பேசினா நான் ஓட்டுறதுதான் தெரியும். வாயை மூடிக்கிட்டு இருந்தாத்தான் அவங்க எங்கே போய் இடிப்பாங்கன்னு தெரியும்" என்பாள்.

அவள் வீட்டு நாய்க்குப் பெயர் மேனேஜர். மகள் வைத்தது. எல்லா அறைக்குள்ளும் போய் எட்டிப் பார்ப்பான், ஒரு வேலையும் செய்ய மாட்டான், சாப்பாட்டு நேரத்துக்குத் தவறாமல் ஆஜராவான். பழுப்பு நிறம். வயிறு மட்டும் வருஷத்துக்கு வருஷம் பதவி உயர்வு வாங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த மாதம் அவனுக்கு எட்டு வயது முடிகிறது. அதற்குப் பிறகு நோய்க்கான காப்பீட்டில் புதிதாகச் சேர்க்க மாட்டார்கள் என்று இன்சூரன்ஸ் பையன் வந்து நின்றான். அவளிடம் ஓட்டப் பழகியவன்தான். பின்பக்கமாக எடுக்கும்போது குப்பைத் தொட்டியை இரண்டு முறை சாய்த்தவன்.

"மூணு லெவல் இருக்கு டீச்சர். கீழ் லெவல்னா அடிபட்டா மட்டும். நடு லெவல்னா அடியும் நோயும். மேல் லெவல்ல பல் சுத்தம் பண்றது, வருஷாந்திர செக்கப், அடுத்தவங்களைக் கடிச்சா நஷ்டஈடு எல்லாம் சேர்ந்து வரும். ஆனா ஒண்ணு, பாலிசி எடுக்கறதுக்கு முன்னாடியே இருக்கிற நோய்க்கு எந்த லெவல்லயும் கவர் கிடையாது."

"மேல் லெவல்தான்" என்றாள் மகள். ஒரு தும்மலுக்கு மூன்று மாத்திரை போடுகிறவள்.

"கீழ் லெவல் போதும்" என்றார் கணவர். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். தானாக எந்த டாக்டர் வாசலையும் மிதிக்காதவர். "இவனுக்கு என்ன நோய் வரப்போகுது? கல்லு மாதிரி இருக்கான்."

"கல்லு மாதிரி இல்லப்பா, உரல் மாதிரி இருக்கான். மாடி ஏறினா மூச்சு வாங்குது."

"அது வயசும்மா. எனக்கும்தான் வாங்குது."

பையன் மேனேஜரின் வயிற்றைப் பார்த்தான். "சாப்பாடு எப்படி டீச்சர்?"

"காலையில ஒரு கிண்ணம், ராத்திரி ஒரு கிண்ணம். நானே அளந்து வைக்கிறேன்."

"அளந்து வச்சுமா இப்படி?"

கணவர் கையிலிருந்த செய்தித்தாள் மெல்ல மேலே ஏறி முகத்தை மறைத்தது. பிரேக்கக்கா அதைக் கவனித்தாள். மகள் தன் தும்மலுக்குப் பாலிசி கேட்கிறாள், சரி. இவர் எதற்கு இவ்வளவு பதறுகிறார்? தப்பான லெவலை எடுத்துவிட்டால் பிறகு மாற்ற வழியில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்று பையனை அனுப்பிவைத்தாள்.

மாலையில் மேனேஜரை நடக்கக் கூட்டிப்போவது கணவர் வேலை. மறுநாள் அவருக்குக் கடையில் ஆள் குறைவு. அவளே கிளம்பினாள். கயிற்றைத் தளர விட்டு, வாயை மூடிக்கொண்டு, மேனேஜர் போகிற பக்கம் போனாள்.

சாலையைக் கடக்கும் இடத்தில் நின்று விளக்கு மாறியதும்தான் காலை எடுத்து வைத்தான். அடிபடுகிற ஜாதி இல்லை. எதிரே குரைத்த குட்டி நாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூங்கா வாசலைத் தாண்டினான். மருந்துக்கடை முனையில் இடது பக்கம் திரும்பினான். அதுவரை இல்லாத வேகம். பேக்கரிக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் போய், கடன் வசூலிக்க வந்தவன் மாதிரி உட்கார்ந்தான்.

பேக்கரிக்காரர் தாளில் இரண்டு கிரீம் பன்னோடு வெளியே வந்தார். "என்ன மேனேஜர் சார், இன்னிக்கு டிரைவர் மாறிட்டாங்க?"

"ரெண்டு எதுக்கு?" என்றாள் அவள்.

"சாருக்கு ஒண்ணு, இவருக்கு ஒண்ணு. தினமும் நடக்கிறதுதானே?"

"அந்தச் சார் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுறவரு."

பேக்கரிக்காரரின் கை பன்னோடு தானாகப் பின்னால் போனது. மேனேஜரின் கண்ணும் கூடவே போனது.

கணவர் வீடு திரும்பியபோது சாப்பாட்டு மேஜைமேல் அவள் வாங்கி வந்த அந்த இரண்டு பன்னும் இருந்தன. அவர் நாயைப் பார்த்தார். "காட்டிக்கொடுத்துட்டியேடா, துரோகி." துரோகி வாலை ஆட்டினான்.

"அதனாலதான் கீழ் லெவலா?"

"நோய்க்கும் பாலிசின்னா இவனை டாக்டர் பார்ப்பாரு. பார்த்தா எடை போடுவாரு. எடை போட்டா நீ விசாரிப்ப." கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "தனியாத் தின்னா தப்பாத் தெரியுது. அவனுக்கும் ஒண்ணு குடுத்தா வாக்கிங் மாதிரி இருக்கு."

கோபப்பட வாய் திறந்தவளுக்குச் சிரிப்பு முந்திக்கொண்டது. சிரித்து முடித்துவிட்டுக் கோபப்பட்டாள். இரண்டுமே கொஞ்சம் நீளமாகப் போயின.

மறுநாள் மேனேஜரைக் கூட்டிப்போனாள். நாய் டாக்டர் எடை போட்டுவிட்டு எடை இயந்திரத்தை ஒரு தட்டுத் தட்டி மறுபடி போட்டார். இதயம் நன்றாக இருக்கிறது, சர்க்கரை இன்னும் வரவில்லை. இப்படியே போனால் வரும் என்றார். நோயும் வராமல், வயதும் தாண்டாமல் பாலிசி எடுக்க மிச்சமிருப்பது இந்த ஒரு மாதம்தான். அன்றே பையனை வரவழைத்தாள்.

"நடு லெவல் போடு."

"மேல் லெவல்மா, ப்ளீஸ்" என்றாள் மகள்.

"பல்லு நீ தேய்ச்சு விடு. கடிச்சா நஷ்டஈடுன்னு சொல்றானே, இவன் ஒருத்தரைக் கடிக்கணும்னா முதல்ல எழுந்திரிக்கணும்டி."

கணவர் தொண்டையைச் செருமினார். "அப்படியே எனக்கும் ஒரு லெவல் பாரேன்."

"உங்களுது பாலிசிக்கு முன்னாடியே இருக்கிற நோய். கவர் கிடையாது" என்றாள் பிரேக்கக்கா. "பிரேக் மட்டும்தான்."

அன்று மாலையிலிருந்து நடை மூன்று பேரோடு. மருந்துக்கடை முனை வந்ததும் மேனேஜரின் மூக்கு இடது பக்கம் திரும்பியது. கணவரின் தோளும் லேசாக அதே பக்கம் சாய்ந்தது. பிரேக்கக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் வலது கால் மட்டும் நடைபாதையில் ஓங்கி ஒரு அழுத்து அழுத்தியது.

இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள்.